டைனோசர் பல்: கழுவுவதற்கு முன், கோளாறு என்ன என்று பாருங்கள்

பாரிஸில் இருந்து லீவுக்கு வந்த உறவினர் ஒருவர் என் அக்காவின் மகனுக்கு ஒரு பல் கொண்டு வந்து கொடுத்தார். சுண்டுவிரல் நீளம், காப்பி நிறம், அடியில் சிவப்பு மண் ஒட்டியபடி இருந்தது. மொரோக்கோவில் எடுத்த டைனோசர் பல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "மாமா, இது உண்மையா?" என்று கேட்டுக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் ஓடி வருவதற்குள் அம்மம்மா பித்தளை விளக்கு துலக்கும் அதே கையோடு பாதித் தேசிக்காயை எடுத்து ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டா. அந்தப் பக்கம் மினுக்கம் போய் வெளிறிக் கிடந்தது. அவ நல்லதுதான் நினைத்துச் செய்தா, ஆனால் போன மினுக்கம் திரும்பாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் இப்போது இப்படிப்பட்ட பற்களை அன்பளிப்பாகக் கொண்டு வருகிறார்கள், ஒன்லைனில் வாங்குபவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது "உண்மையா, போலியா" என்றுதான். என் அனுபவத்தில் முழுப் போலி குறைவு. முழு உண்மையும் குறைவு. கையில் வருவது பெரும்பாலும் இரண்டும் கலந்த ஒன்று, அதாவது உண்மையான பல்லின் நுனி, வேறொரு பல்லின் அடி, இடையில் பசையும் மண்ணும். ஆகவே உண்மை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் தண்ணீரிலோ வேறு எதிலோ போட்டால், பல்லைப் பிடித்து வைத்திருந்த பசையே கரைந்து கையில் துண்டுகள்தான் மிஞ்சும்.

சாமான் அதிகம் வேண்டாம். மாணிக்கக்கல் வியாபாரிகள் கண்ணோடு வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று. கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதாக் கதிர் ரோச் ஒன்று, 365 நானோமீற்றர் என்று எழுதியிருந்தால் நல்லது, 395 என்று போட்டது ஊதா வெளிச்சத்தை அதிகம் காட்டிக் குழப்பும் (எதுவானாலும் கண்ணுக்கு நேரே அடிக்க வேண்டாம்). பஞ்சுக் குச்சி, மென்மையான பிரஷ், கொஞ்சம் அசிற்றோன். கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் நிறமும் வாசனையும் கலந்திருக்கும், சிலதில் அசிற்றோனே இருக்காது, அதனால் தனி அசிற்றோனாகத் தேடி வாங்குங்கள். தண்ணீர் தேவைப்பட்டால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர். அதே கடையில் பற்றரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் நிற்கும், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் திறக்கவே கூடாது, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கையில் எடுத்தால் எடையே இல்லை, குளிரவும் இல்லை

இது ரெசின் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் ஒரு பிளாஸ்டிக்) வார்ப்பாக இருக்கலாம். கல்லாகிப் போன பல் அபற்றைற் என்ற கனிமம், அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 3 மடங்குக்குச் சற்று மேல். ரெசின் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கனம். ஒரே அளவில் ஒரு கூழாங்கல்லையும் பல்லையும் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கன்னத்தில் வைத்தால் கல் சில்லென்று இருக்கும், ரெசின் சட்டென்று உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

லென்ஸில் பார்க்க வேண்டியவை இரண்டு. குண்டூசித் தலையை விடச் சிறிய, வட்டமான காற்றுக் குமிழ்கள். அப்புறம், பக்கவாட்டில் நுனியில் இருந்து அடிவரை ஓடும் மெல்லிய அச்சுக் கோடு. இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அது பெரும்பாலும் வார்ப்பு. வார்ப்பில் வெடிப்பு இருந்தாலும் அது வரைந்தது போல மேலோடு நிற்கும், உண்மையான பல்லில் வெடிப்பு உள்ளே இறங்கும். சூடு ஊசி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். உண்மையான பல்லுக்கும் விற்பவர்கள் பசை பூசியிருப்பார்கள், அதுவும் பிளாஸ்டிக் மணம்தான் தரும், நீங்கள் நல்ல பல்லைச் சுட்டுவிட்டுப் போலி என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

உடைந்த இடம் ஏதாவது இருந்தால் அதுதான் சிறந்த சாட்சி. வெளியே கண்ணாடி மாதிரி மெல்லிய எனாமல் தோல், உள்ளே மங்கலான டென்ரீன், நடுவில் கூழ் இருந்த குழி. இந்த மூன்று அடுக்கையும் வார்ப்பில் கொண்டு வருவது மிகவும் கடினம்.

எங்கள் கடற்கரையில்தான் கிடைத்தது

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடற்கரையில் பல் மாதிரி ஒன்று கிடைத்தால் அது டைனோசர் பல் இல்லை. கோணேசர் மலை உட்பட நம்மைச் சுற்றியுள்ள பாறைகள் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியவை, அந்த உருமாற்றம் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. டைனோசர்கள் வந்தது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன். காலத்தால் பொருந்தாது, அப்படிப்பட்ட பாறையில் பல்லும் தப்பாது. இலங்கையில் டைனோசர் காலத்துப் படிவுப் பாறை புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பக்கம் இருக்கிறது, அங்கே அறியப்பட்டவை செடிகொடிகளின் பதிவுகள். இரத்தினபுரியில் இல்லம் என்று சொல்லும் மாணிக்கச் சரளை அடுக்கில் தோண்டும்போது வரும் நீர்யானை, காண்டாமிருகப் பற்கள் மிகப் பிந்திய காலத்தவை, அவையும் டைனோசர் அல்ல.

பின் என்ன அது? திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் நடமாடுவது ஊருக்கே தெரியும். அதன் பல் கூம்பு வடிவம், கனம், யானைத் தந்தம் போல முழுவதும் ஒரே வெளிர் மஞ்சள், அடியில் குழி. வளர்ந்த திமிங்கிலத்தின் பல்லில் எனாமல் மினுக்கம் இருக்காது, அதை வைத்துப் பிரிக்கலாம். அப்படி இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளவும் விற்கவும் நினைக்காதீர்கள். கடல் பாலூட்டிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொல்லிவிடுங்கள். சிறியதாக வளைந்து முக்கோணக் குறுக்குவெட்டோடு இருந்தால் பெரும்பாலும் காட்டுப்பன்றிக் கொம்புப் பல்.

குறுக்கே ஒரு கோடு, அதற்கு மேலும் கீழும் நிறம் வேறு

அதிகம் வரும் கோளாறு இதுதான், இதில் அவசரப்பட வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் டைனோசர் பற்களில் பெரும் பங்கு மொரோக்கோவின் தென்கிழக்கில், கெம் கெம் என்று சொல்லும் சிவப்பு மணற்கல் அடுக்குகளில் இருந்து வருகிறது. சுமார் 9.5 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய ஆறுகள் ஓடின. அந்த ஆறுகளில் வேட்டையாடிய ஸ்பைனோசொரஸ் இன டைனோசர்கள் மற்ற ஊர்வன போலவே வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்துப் புதுப் பல் முளைக்க வைத்தன, அதனால்தான் அந்தப் பற்கள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் கையால் தோண்டும்போது பல துண்டாகத்தான் வரும். துண்டை அதே பல்லின் துண்டோடு ஒட்டினால் அது பழுதுபார்த்த பல், அதில் தப்பில்லை. நீளம் கூட்டுவதற்காக வேறொரு பல்லின் துண்டை ஒட்டினால் அது கலப்பு. இரண்டையும் பிரிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்பைனோசொரஸ் வகைப் பல்லில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நுனியில் இருந்து லென்ஸால் பின்தொடருங்கள். கோட்டைத் தாண்டியும் அதே வரி அதே இடத்தில் தொடர்ந்தால் ஒரே பல். கோட்டில் வரி நின்று, அப்பால் வேறு இடத்தில் வேறு அகலத்தில் தொடங்கினால் இரண்டு பல். பிறகு பல்லைத் திருப்பி நுனியில் இருந்து அடிக்கு நேராகப் பாருங்கள், வளைவு ஒரே சீராகப் போகிறதா, நடுவில் ஒரு முழங்கை மாதிரி மடிகிறதா என்று. நிறத்தை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம். புதைந்து கிடந்த மண்ணில் இருந்த இரும்பும் மற்றக் கனிமங்களும்தான் நிறத்தைத் தருகின்றன, ஒரே பல்லில் பாதி வேறு மண்ணில் கிடந்திருந்தால் பாதி வேறு நிறம் ஆகலாம். நிறம் வயதையும் சொல்லாது.

அறையை இருட்டாக்கி ரோச்சை அடியுங்கள். பசை பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும், கோடு முழுக்க ஒரு பட்டை போலத் தெரியும். பல்லும் தன்பாட்டில் கொஞ்சம் ஒளிரலாம், அதனால் ஒளிர்கிறதா இல்லையா என்று பார்க்காமல் திட்டுத்திட்டாக வேறுபடுகிறதா என்று பாருங்கள்.

இவை போதாவிட்டால்தான் அசிற்றோன். பஞ்சுக் குச்சியை நனைத்து, வழிந்தோடாத அளவுக்குப் பிழிந்து, நெல் அளவு இடத்தில் மட்டும் உருட்டுங்கள், தேய்க்க வேண்டாம். பஞ்சில் காப்பி நிறம் ஏறினால் அது பெயின்ட். மண்துகள்கள் இளகிப் பிசுபிசுவென்று வந்தால் அது பசையோடு குழைத்த மண், அந்த இடத்தில் பல் இல்லை. உண்மையான எனாமல் அசிற்றோனுக்கு அசையாது. முழுப் பல்லையும் அசிற்றோனில் ஊறப் போடாதீர்கள், எத்தனை துண்டாக வரும் என்று சொல்ல முடியாது.

வேர் முழுசாக இருக்கிறது, அல்லது கல்லோடு பதிந்திருக்கிறது

இயற்கையாக உதிர்ந்த பல்லில் வேர் இருக்காது. உதிர்வதற்கு முன் வேரை உடம்பே கரைத்துவிடும், அடியில் குழிவான, ஒழுங்கில்லாத விளிம்புதான் மிஞ்சும். நீண்ட வேரோடு ஒரு பல் மலிவாகக் கிடைத்தால் அந்த வேரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வேரும் பல்லும் சேரும் இடத்தில் தடிப்பாக மண் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

கல்லில் பதிந்த பல்லும் தாடையும் இன்னொரு கதை. மொரோக்கோவின் குரிப்கா பொஸ்பேற் சுரங்கங்களில் மொசசோர் என்ற கடல் ஊர்வனவின் பற்கள் ஏராளம் (மொசசோர் டைனோசர் அல்ல, அதன் உறவு பல்லி, பாம்புப் பக்கம்). தனிப் பற்களைப் பொஸ்பேற் மணலும் பசையும் குழைத்த கட்டியில் வரிசையாக நட்டு, தாடை என்று விற்பது அங்கே பழகிப் போன தொழில். பற்கள் உண்மை, தாடை கட்டியது. எலும்பின் துளைத்துளையான அமைப்பு லென்ஸில் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு அசிற்றோன் விட்டு ஈர்க்கால் கிண்டுங்கள், இளகினால் விஷயம் முடிந்தது.

ஓரத்தில் அரம் போல் வரிசை இருக்கிறது, அல்லது இல்லை

ஸ்பைனோசொரஸ் என்று விற்றதில் அரம் இல்லை என்று சிலர் பயப்படுவார்கள். அது சரிதான், அந்த வகைப் பல் கூம்பு, ஓரத்தில் அரம் இல்லை அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு. மீன் கவ்வுகிற பல் அது. தட்டையாகக் கத்தி போல இருந்து இரண்டு ஓரத்திலும் அரம் இருந்தால் காகரோடொன்ரோசொரஸ் போன்ற இறைச்சி வெட்டும் வகை. சிறிய கூம்புப் பற்களில் முதலைப் பல்லும் கலந்து வரும், கெம் கெம் ஆறுகளில் பல வகை முதலைகள் இருந்தன.

விலை ஏற்றுவதற்காக இந்த வரிசையைக் கருவியால் கீறி உண்டாக்கிய பற்களும் உண்டு. கீறியதில் பள்ளம் வெட்டியிருக்கும், பள்ளத்துக்குள் மங்கலான டென்ரீன் தெரியும், எல்லாம் ஒரே இடைவெளி. இயற்கையானதில் ஒவ்வொன்றும் சின்ன முட்டாக எழும்பி, மேலே எனாமல் போர்த்தியிருக்கும், பாவித்துத் தேய்ந்த இடத்தில் வட்டமாகியிருக்கும்.

பல் சரி, மண் போகவில்லை

இனித்தான் சுத்தம் செய்வது. முதலில் ஒரு கணக்கு. அபற்றைற்றின் கடினம் மோ அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் அளவு) 5. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. அதாவது பல்லில் ஒட்டியிருக்கும் மணலே பல்லைக் கீறும். பிரஷால் அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மணலை எனாமலின் மேல் இழுக்கிறீர்கள். அதனால் தேய்க்காமல் கிளப்ப வேண்டும்: தட்டி, ஊதி, கிளப்பி, மறுபடி ஊதி.

பழைய பனியனை நாலாக மடித்து மேசையில் போட்டு அதன் மேல் பல்லை வையுங்கள். காய்ந்த பிரஷால் அடியில் இருந்து நுனி நோக்கி மெதுவாகத் துடைத்து ஊதுங்கள். இடுக்கில் நிற்கும் மண்ணுக்குத் தென்னை ஈர்க்கைச் சரிவாகச் சீவி எடுத்துக்கொள்ளுங்கள். தையல் ஊசியை விட ஈர்க்கு நல்லது, ஊசி இரும்பு எனாமலைக் கீறும், ஈர்க்கு முறிந்து போகுமே தவிரக் கீறாது. பனை ஈர்க்கு இன்னும் உறுதி. என் பெட்டியில் இப்போது இரும்பு ஒன்றும் இல்லை.

அப்படியும் போகாத மண்ணுக்கு வடித்த தண்ணீரும் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றும் பாதிக்குப் பாதி. இதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒரு சிறு இடத்தில் வைத்து, அரை நிமிடம் விட்டு, மண் இளகியதும் ஈர்க்கால் கிளப்பி, காய்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். காய்ந்த பிறகுதான் அடுத்த இடம். வெடிப்புக்குள் களிமண் இருந்தால் அதைத் தொடாதீர்கள், களி தண்ணீரைக் குடித்து ஊதும், ஊதினால் வெடிப்பு பிளக்கும். அந்தக் களிதான் அங்கே பசை வேலை பார்க்கிறது. ஒரு சுண்டுவிரல் பல்லுக்கு நான் மூன்று நான்கு பின்னேரம் எடுப்பேன், அதற்குக் குறைவாக முடிந்தால் எதையோ அவசரப்படுத்தியிருக்கிறேன் என்று அர்த்தம்.

பற்பசை வேண்டாம், அதில் உரசும் தூள் இருக்கிறது. பிளீச் வேண்டாம். நகைக்கடையில் சங்கிலி கழுவும் அதிரும் இயந்திரம் நிச்சயமாக வேண்டாம், வெடித்த பல் அதற்குள் சில்லாகும். சிவப்பாக இறுகி நிற்கும் இரும்புப் படிவைக் கறை என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், அது பல் புதைந்து கிடந்த மண்ணின் அடையாளம், அப்படியே இருக்கட்டும்.

வெள்ளையாகிவிட்டது

வெள்ளை மூன்று விதம், மூன்றுக்கும் மருந்து வேறு. தெரியாமல் மருந்து போட்டால் நோய் கூடும், எனவே முதலில் ஒரு சின்னச் சோதனை. ஈரப் பஞ்சால் வெள்ளையின் ஓரத்தைத் தொடுங்கள்.

தொட்டதும் கரைந்து பஞ்சோடு போய்விட்டால் உப்பு. கடலுக்குப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உவர், அதில் பல்லைக் கழுவிக் காய விட்டால் உள்ளே போன உப்பு மேலே வந்து பூக்கும். பூக்கும்போது துளைகளை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். மறுபடி மறுபடி வந்தால், பல்லில் பசை ஒட்டோ களி நிறைந்த வெடிப்போ இல்லை என்று உறுதியானால் மட்டும், வடித்த தண்ணீரில் போட்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி நிழலில் காயவையுங்கள்.

தண்ணீருக்கு ஒன்றும் ஆகாமல், அசிற்றோன் பஞ்சுக்குப் போனால் பசையின் பூப்பு. சுப்பர் குளூ ஆவி நம் ஈரக் காற்றில் பக்கத்து இடங்களில் எல்லாம் வெள்ளையாகப் படியும். அசிற்றோன் பஞ்சை உருட்டி உருட்டி எடுத்துவிடலாம், ஒட்டுக்குக் கிட்டப் போகாமல்.

ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், எனாமல் அரிபட்டிருக்கிறது. தேசிக்காய், வினாகிரி, புளி மூன்றும் அமிலம். நம் பல்லில் சொத்தை விழுவது ஏன்? வாயில் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லைக் கரைப்பதால்தானே. கல்லான பல்லும் அதே கல்சியம் பொஸ்பேற் குடும்பம், பல கோடி ஆண்டு தாங்கியது தேசிக்காய்க்குத் தாங்காது. ஆய்வுகூடங்களில் எலும்பைச் சூழ்ந்த சுண்ணாம்புக் கல்லை அமிலத்தால் கரைப்பார்கள் என்று படித்திருப்பீர்கள், அவர்கள் அமிலத்தோடு கல்சியம் பொஸ்பேற் சேர்த்து, எலும்புக்குப் பாதுகாப்புப் பூச்சுப் பூசி, நாள் கணக்கில் கழுவிச் செய்கிறார்கள். வீட்டில் முடியாது. அமிலம் பட்டுவிட்டால் வடித்த தண்ணீர்ப் பஞ்சால் நாலைந்து தரம் ஒற்றி எடுத்து நிழலில் விடுங்கள். போன மினுக்கத்தை மீட்கப் பொலிஷ் பண்ணாதீர்கள், மிச்சமிருக்கும் எனாமலும் போகும்.

பொடியாகிறது, கந்தக மணம் வருகிறது

இது பைரைற் நோய். பல்லுக்குள் இருக்கும் இரும்புச் சல்பைட் காற்றின் ஈரத்தில் அமிலமாக மாறித் தன்னையும் பெட்டியையும் லேபலையும் தின்னும். கெம் கெம் சிவப்பு மணலில் வந்ததில் இது அபூர்வம், கறுப்புக் களியில் இருந்து வந்தவற்றில் வரும். ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டினால் வேகம் பிடிக்கும், கடற்கரை ஊரில் அது எல்லா நாளும்தான். கழுவவே கூடாது. காய்ந்த பிரஷால் பொடியை எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, மற்றப் பற்களிடம் இருந்து பிரித்து வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்ற மறக்காதீர்கள்.

கையில் இருந்தபோதே உடைந்துவிட்டது

முதல் காரியம், சுப்பர் குளூவை எடுக்காதீர்கள். துண்டுகளை, தூசி அளவு சில்லுகளையும் சேர்த்து, சின்னப் பொலித்தீன் பையில் போடுங்கள். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்க்க வேண்டாம், விளிம்பு நொறுங்கினால் பிறகு பொருந்தாது. சுப்பர் குளூ நொடியில் இறுகும், ஒரு மயிர் அளவு தள்ளி ஒட்டினாலும் திருத்த நேரம் தராது, பின்னால் கழற்றுவதும் பெரும் பாடு.

அருங்காட்சியகங்களில் பாவிப்பது பரலோயிட் பி-72 என்ற ஒரு வகை அக்கிரிலிக். கற்கண்டு மாதிரி மணிகளாக வரும். எவ்வளவு காலம் கழித்தும் அசிற்றோனால் கழற்றலாம், மஞ்சளாகாது. 100 மில்லிலீற்றர் அசிற்றோனில் 5 கிராம் கரைத்தால் நொறுங்கும் பகுதிக்குள் ஊற விடுகிற மெல்லிய கரைசல். எடைக்கு எடை சமமாகக் கரைத்தால் தேன் பதத்தில் ஒட்டும் பசை. கண்ணாடிப் போத்தலில் கரையுங்கள், சில பிளாஸ்டிக்குகளை அசிற்றோன் கரைத்துவிடும். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து போத்தலுக்குள் தொங்கவிட்டால் ஒரு இரவில் கரையும், சும்மா போட்டால் அடியில் கட்டியாக உட்கார்ந்துவிடும்.

உடைந்த இரு முகங்களிலும் மெல்லிய கரைசலைத் தடவிக் காயவிட்டு, பிறகு தடித்த பசையைக் கொஞ்சமாக வைத்து, சேர்த்து, ஒரு தட்டு அரிசிக்குள் ஒட்டு மேலே தெரியும்படி நட்டு ஒரு முழு நாள் விடுங்கள். சிலர் மணலில் நடுவார்கள், கடற்கரை மணல் உப்பு, எனக்கு அரிசிதான் சரி.

நம் ஊரில் இதற்கு இரண்டு சிக்கல். மாரியில் அசிற்றோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பூச்சு பால் மாதிரி வெளுக்கும். பயப்பட வேண்டாம், வெயில் ஏறிய ஒரு நாள் பார்த்து அசிற்றோன் பஞ்சால் துடைத்துத் திரும்பப் பூசலாம். மற்றது சூடு. பி-72 ஏறத்தாழ 40 பாகையில் இளகத் தொடங்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் பூட்டிய காருக்குள்ளும் தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரி உச்சியிலும் 40 சுலபமாக வரும், ஒட்டிய பல் தன்பாட்டில் சரிந்து கிடக்கும். கீழ்த் தட்டில், உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். பி-72 கிடைக்காவிட்டால் துண்டுகள் பையிலேயே இருக்கட்டும், அவை அவசரப்படாது.

தேங்காய் எண்ணெய் பூசியாகிவிட்டது

மினுக்கத்துக்காகப் பூசுவார்கள். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுக்கும், தூசியைப் பிடிக்கும், பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. ஒட்டு இல்லாத இடத்தில் அசிற்றோன் பஞ்சை மாற்றி மாற்றி உருட்டினால் மேலோட்டமானது வரும். உள்ளே போனது போனதுதான். வார்னிஷுக்கும் இதே பதில்.

என்ன பல் என்று எழுதுவது

சுத்தம் செய்யும்போது வந்த மண்ணில் ஒரு சிட்டிகையைக் குளிசைப் போத்தலில் போட்டுப் பல்லோடு வையுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத பல் அழகான கல், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லை 2013 இல் ட்ரூடொன்டிட் (பறவைகளுக்கு நெருங்கிய ஒரு சிறு டைனோசர்க் குடும்பம்) வகை என்று விவரித்தார்கள். வடக்குக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்த கூட்டம் அன்றைய இந்தியாவிலும் இருந்தது என்று அந்தப் பல்லை வைத்துத்தான் பேச முடிந்தது, அது எந்த அடுக்கில் கிடைத்தது என்று பதிவு இருந்ததால். ஸ்பைனோசொரஸ் என்று 1915 இல் முதலில் பெயரிட்ட எகிப்து எலும்புகள் 1944 இல் மியூனிக் நகரில் விழுந்த குண்டில் அழிந்தன. மிஞ்சியவை எழுத்தும் படமும். பதிவு அவ்வளவு பெறுமதியானது.

கெம் கெம் பல்லுக்கு இனப்பெயர் வரை துணிந்து எழுத வேண்டாம், ஸ்பைனோசொரிட் குடும்பம் என்று நிறுத்துவது நேர்மை. ஒட்டியது, பூசியது, பட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மருமகனின் பல்லை நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று பின்னேரம் பார்த்தோம். வரிகள் நடுக்கோட்டில் நின்றுபோயின, கீழ்ப்பாதி ரோச்சில் நீலமாக ஒளிர்ந்தது. அவன் கொஞ்சம் முகம் வாடினான், பிறகு நுனியை லென்ஸில் பார்த்து, தேய்ந்து வழுவழுப்பாக இருந்த இடத்தைக் காட்டி, "இது மீன் பிடிச்சுத் தேய்ஞ்சதா மாமா?" என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். லேபலை அவனே எழுதினான்:

"ஸ்பைனோசொரிட் பல். கெம் கெம், மொரோக்கோ என்று தந்தவர் சொன்னது. நுனிப் பாதி உண்மை. அடிப் பாதி வேறு பல், மண்ணும் பசையும் வைத்து ஒட்டியது, கழற்றவில்லை. இடப்பக்கம் தேசிக்காய் பட்டது. மண் போத்தலில்."